ரயில் நிலையக் கூட்டத்தைப் பட்டியல் போடும்போது எதை எண்ணினீர்கள் என்றும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகிலேயே கூட்டம் அதிகமான ரயில் நிலையங்கள் என்று ஒரு பட்டியல் கொஞ்ச நாளைக்கு ஒரு தடவை பத்திரிகைகளில் கட்டம் கட்டி வந்துவிடுகிறது. முதலிடத்தில் டோக்கியோவின் ஷின்ஜுகு, அப்புறம் பாரிஸ், ஹௌரா, நியூயார்க், லண்டன் என்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். ஒன்றுக்கு நாள் கணக்கு இருக்கும், இன்னொன்றுக்கு வருடக் கணக்கு இருக்கும், சில இடங்களில் வருடக் கணக்கை யாரோ 365-ஆல் வகுத்துப் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு அந்த நிலையம் பெரிதா இந்த நிலையம் பெரிதா என்று இணையத்தில் ஒரு வாரம் சண்டை நடக்கும். சண்டையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலை அந்த எண்களைப் பற்றியது. ஒரு நாட்டில் ஏறுபவர்களை எண்ணுகிறார்கள், இன்னொரு நாட்டில் ஏறுபவர் இறங்குபவர் இருவரையும், வேறொரு நாட்டில் கடைக்கு வந்து போகிறவரையும் சேர்த்து. இவற்றை ஒரே வரிசையில் அடுக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று இடம் கொடுப்பது சரியில்லை. இதனால் உண்மையில் ஆபத்தான நெரிசல் இருக்கும் நிலையங்கள் பட்டியலுக்குள்ளேயே வராமல் போகின்றன என்பதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலிடத்தில் இருக்கும் ஷின்ஜுகுவையே எடுத்துக்கொள்வோம். 2007-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாளொன்றுக்குச் சராசரியாக 36 லட்சம் பேருக்கு மேல் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. இந்த எண்ணை யாரும் நிலையத்தின் வாசலில் நின்று எண்ணவில்லை, எண்ணவும் முடியாது, ஏனென்றால் வாசல்களே 200-க்கு மேல். அங்கே ஜே.ஆர். ஈஸ்ட் (சுருக்கமாக ஜே.ஆர்.), ஒடாக்கியூ, கெய்யோ, டோக்கியோ மெட்ரோ, நகர அரசின் தொயெய் சுரங்க ரயில் என்று ஐந்து நிறுவனங்கள் ரயில் விடுகின்றன. ஒவ்வொன்றும் தன் டிக்கெட் கேட்டைத் தாண்டுகிறவர்களைத் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. அதிலும் ஜே.ஆர். வெளியிடுவது ஏறுபவர்களின் எண்ணிக்கையை மட்டும், மற்ற நிறுவனங்கள் வெளியிடுவது ஏறுபவர் இறங்குபவர் இருவரையும் சேர்த்து. ஆகவே ஜே.ஆர். எண்ணை இரண்டால் பெருக்கி, மற்ற நிறுவனங்களின் எண்களோடு கூட்டித்தான் அந்த 36 லட்சம் வருகிறது.

இப்படிக் கூட்டினால் என்ன ஆகும்? மேற்குப் புறநகரிலிருந்து ஒடாக்கியூ ரயிலில் வந்து இறங்கி, கேட்டைத் தாண்டி, ஜே.ஆர். ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகிற ஒருவர் காலையில் இரண்டு தடவை எண்ணப்படுகிறார், ஒடாக்கியூவில் இறங்கியவராக ஒரு தடவை, ஜே.ஆரில் ஏறியவராக ஒரு தடவை. சாயங்காலம் திரும்பும்போது மறுபடியும் இரண்டு. ஆக ஓர் ஆள், நான்கு எண்ணிக்கை. அதே நிலையத்தில் ஜே.ஆரின் ச்சுவோ தடத்திலிருந்து யமனோத்தே தடத்துக்கு மாறுகிறவர் கேட்டைத் தாண்டுவதே இல்லை, அதனால் அவர் எண்ணிக்கையில் வரவே மாட்டார், அதே படிக்கட்டில் அதே கூட்டத்தில்தான் அவரும் இடிபட்டு நடக்கிறார். இதையெல்லாம் சொல்வது ஷின்ஜுகுவின் இடத்தைக் குறைக்க அல்ல. 2019 நிதியாண்டில் ஜே.ஆரில் மட்டும் அங்கே ஏறியவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 7.75 லட்சம், எப்படிக் கணக்குப் போட்டாலும் அது பிரமாண்டமான எண்தான். ஆனால் 36 லட்சம் என்பது 36 லட்சம் மனிதர்கள் அல்ல என்பதைப் பத்திரிகை ஒரு வரியில் சொல்லலாம்.

ஒரு நிலையம் எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்பதும் பெரிய கேள்வி. லண்டனில் கிங்ஸ் கிராஸ் நிலையமும் செயின்ட் பான்கிராஸ் நிலையமும் ஒரு தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கின்றன, இரண்டுக்கும் கீழே சுரங்க ரயில் நிலையம் ஒன்றேதான், ஆனால் மேலே இருக்கும் இரண்டையும் தனித்தனி நிலையங்களாகவே கணக்கிடுகிறார்கள். பாரிஸின் கார் து நோர் நிலையத்தோடு நடைபாதையால் இணைந்திருக்கும் மாஜெந்தா என்ற சுரங்க நிலையத்துக்குத் தனிப் பெயர். ஷின்ஜுகுவிலோ ஐந்து நிறுவனங்களின் நிலையங்களையும் கூட்டி ஒரே நிலையம் என்கிறார்கள், அதே சமயம் சில நிமிட நடைதூரத்தில் இருக்கும் செய்பு நிறுவனத்தின் ஷின்ஜுகு நிலையம் வேறு. ஒரு நகரத்தில் ஐந்தைக் கூட்டிவிட்டு இன்னொரு நகரத்தில் இரண்டாகப் பிரித்துப் போட்டால் வரிசை எப்படிச் சரியாக வரும்?

லண்டன் கதை இன்னும் சுவாரசியமானது. பிரிட்டனில் ரயில், சாலை ஒழுங்குமுறை அலுவலகம் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ளே வந்தவர், வெளியே போனவர் கணக்கை வெளியிடுகிறது. அது பெரும்பாலும் டிக்கெட் விற்பனையிலிருந்து மதிப்பிட்டது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் எத்தனை தடவை பயணம் செய்திருப்பார் என்று ஒரு நிலையான எண்ணை வைத்துப் பெருக்குகிறார்கள். லண்டனின் எந்த முனையத்துக்கும் செல்லும் என்று ஒரே பெயரில் விற்கும் டிக்கெட்டுகளை எந்த நிலையத்துக் கணக்கில் சேர்ப்பது என்று கணிப்பின்படி பங்கிடுகிறார்கள். நல்ல வேலை, வழிமுறையையும் திறந்து சொல்லிவிடுகிறார்கள், அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தக் கணக்கின்படி 2019-20-இல் வாட்டர்லூ 8.69 கோடியோடு முதலிடம். தொற்றுக்காலமான 2020-21-இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் முதலிடத்துக்கு வந்தது, வெறும் 1.4 கோடியோடு. வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியவர்கள் வாட்டர்லூவுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள், போயே ஆக வேண்டியவர்கள் தொடர்ந்து பயணம் செய்தார்கள். பிறகு 2022-23-இல் லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம் 8.04 கோடியோடு முதலிடம், 2023-24-இல் 9.45 கோடி. இரண்டு மூன்று வருடத்தில் அந்த நிலையத்தைச் சுற்றி ஒரு புது நகரமே எழுந்துவிட்டதா? அப்படி எதுவும் இல்லை. 2022 மே மாதம் அந்த நிலையத்தின் வழியாக எலிசபெத் தடம் என்ற புது ரயில் பாதை திறந்தது. அது தேசிய ரயில் கணக்கில் வருகிறது. அதற்கு முன்பு அதே இடத்துக்குச் சுரங்க ரயிலில் வந்து போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை, ஏனென்றால் சுரங்க ரயில் பயணிகளை அந்த அலுவலகம் எண்ணுவதில்லை. தெரு அதே தெரு, ஆட்களில் பலர் அதே ஆட்கள், ரயிலின் வகை மாறியதால் அவர்கள் கணக்குக்குள் வந்தார்கள். புதுத் தடம் புதுப் பயணிகளையும் கொண்டுவந்தது உண்மைதான். ஆனாலும் வாட்டர்லூவை லிவர்பூல் ஸ்ட்ரீட் முந்தியது என்று ஒற்றை வரியில் செய்தி போட்டால் வாசகருக்கு என்ன புரியும்?

ஐரோப்பாவுக்குள் நுழைந்தால் இன்னொரு குழப்பம். கார் து நோர், ஐரோப்பாவிலேயே கூட்டம் அதிகமான நிலையம் என்று பெயர் பெற்றது, நாளொன்றுக்குச் சுமார் 7 லட்சம், வருடத்துக்கு 20 கோடிக்கு மேல் என்று சொல்வார்கள். படத்தில் 1864-இல் கட்டிய அழகான முகப்பையும் லண்டனுக்குப் போகும் அதிவேக யூரோஸ்டார் ரயிலையும் போடுவார்கள். யூரோஸ்டார் தன் எல்லாத் தடங்களிலும் சேர்த்தே 2018-இல் ஏற்றிச் சென்றது சுமார் 1.1 கோடிப் பேரைத்தான். அந்த 20 கோடியில் மிகப் பெரிய பங்கு தினமும் வேலைக்குப் போய் வருகிற புறநகர் மக்கள், கீழ்த்தளத்தில் பி, டி என்ற இரண்டு தடங்களில் நசுங்கி வருகிறவர்கள். பிரெஞ்சு ரயில்வே தன் தரவில் பயணிகள் எத்தனை பேர், பயணிகளோடு பயணி அல்லாதவர்களையும் சேர்த்தால் எத்தனை பேர் என்று இரண்டு எண்களைத் தருகிறது. இரண்டில் எதை எடுத்தோம் என்று சொல்லாமல் போட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஜெர்மனியில் இன்னும் வெளிப்படையாகப் பயணிகளும் வருகையாளர்களும் என்றே சொல்கிறார்கள். ஹாம்பர்க் முதன்மை நிலையத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 5.5 லட்சம் என்றால் அதில் ரயில் ஏறாமல் நிலையத்தைக் குறுக்கே கடந்து போகிறவர், உள்ளே கடைக்கு வந்தவர் எல்லோரும் உண்டு. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலுக்குச் சொல்லப்படும் ஏழரை லட்சமும் இதே வகை, அந்த மண்டபத்தைப் பார்க்கவே வருகிறவர்கள் ஏராளம். கடை வாடகைக்கு விடுகிறவருக்கு இந்த எண் மிகவும் தேவை. படிக்கட்டு எத்தனை அடி அகலம் வேண்டும் என்று கேட்கிறவருக்கும் ஓரளவு தேவை. எத்தனை பேர் ரயிலில் போனார்கள் என்று கேட்கிறவருக்கு அது பதில் ஆகாது.

பெரிய கட்டடம் என்றால் பெரிய கூட்டம் என்று நினைப்பதும் தவறு. ஜெர்மனியின் லைப்சிக் நிலையம் 1915-இல் 26 தடங்களோடு கட்டப்பட்டது, தரைப் பரப்பில் உலகின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று, ஆனால் அங்கே நாளொன்றுக்கு வருபவர்கள் சுமார் 1.2 லட்சம். 1997-இல் உள்ளே ஒரு பெரிய வணிக வளாகமும் கட்டினார்கள். கிராண்ட் சென்ட்ரலில் 44 நடைமேடைகள், உலகிலேயே அதிகம். அதே நியூயார்க்கில் பென் ஸ்டேஷனில் தடங்கள் 21 மட்டுமே, ஆனால் தொற்றுக்கு முன்பு வேலைநாட்களில் 6 லட்சத்துக்கும் அதிகமானோர் அதைப் பயன்படுத்தினார்கள், மேற்கு அரைக்கோளத்தின் மிகப் பரபரப்பான நிலையம் அதுதான். அந்த எண் வேலைநாள் கணக்கு என்பதைக் கவனியுங்கள். ஜப்பானில் சனி ஞாயிறு எல்லாம் சேர்த்த வருடச் சராசரி. வேலைநாள் எண்ணையும் வருடச் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் முதலாவது எப்போதும் பெரிதாகத்தான் தெரியும்.

தடங்கள் எத்தனை என்பதைவிட ரயில் எவ்வளவு சீக்கிரம் வந்து கிளம்புகிறது என்பதுதான் ஒரு நிலையத்தின் உண்மையான வேகம். டோக்கியோ நிலையத்தில் டோக்கைடோ ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்கு வெறும் ஆறு தடங்கள். அங்கிருந்து உச்ச நேரத்தில் மணிக்கு 17 ரயில்கள் வரை கிளம்புகின்றன, ஒவ்வொன்றிலும் 16 பெட்டிகள், 1323 இருக்கைகள். பெருக்கிப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் ஒரு திசைக்கு 22 ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள். வந்த ரயில் திரும்பிக் கிளம்புவதற்குள் ஒவ்வொரு பெட்டியையும் சுத்தம் செய்து இருக்கைகளைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். முனைய நிலையத்தில் ரயில் உள்ளே வந்த வழியாகவே திரும்ப வேண்டும், வருகிற ரயிலும் போகிற ரயிலும் நுழைவாயிலில் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும். ஊடாகப் போகிற நிலையமாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 16 தட முனையத்துக்குப் பதிலாக நிலத்தடியில் எட்டே தடங்களில் ஊடு நிலையம் கட்டுவதற்குச் சொல்லப்படும் வாதம் அதுதான். எட்டு போதுமா என்று அங்கே பல வருடங்களாக மக்கள் சண்டை போடுகிறார்கள், அது வேறு கதை. லண்டன் கிளாப்ஹாம் ஜங்ஷனில் நாளொன்றுக்குச் சுமார் 2000 ரயில்கள் வந்து போகின்றன, அதில் பாதிக்கு மேல் நிற்கின்றன. ரயில் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் பிரிட்டனில் அதுதான் முதலிடம். உள்ளே வெளியே போகிறவர் கணக்கில் அது வாட்டர்லூவுக்குப் பக்கத்தில்கூட வராது, ஏனென்றால் அங்கே மக்கள் ரயில் மாறுகிறார்கள், வாசலைத் தாண்டுவதில்லை. பிரிட்டனில் இப்படி மாறுகிறவர்களைத் தனியாக மதிப்பிட்டு வெளியிடுகிறார்கள். எல்லா நாடுகளும் அப்படிச் செய்வதில்லை.

இந்தியாவுக்கு வருவோம். ஹௌராவில் இருபதுக்கு மேல் நடைமேடைகள், இரண்டு ரயில்வே மண்டலங்களின் ரயில்கள், நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் என்று பட்டியலில் போடுவார்கள். பிரதான ரயில் நிலையங்களில் இங்கே கேட் கிடையாது, யார் உள்ளே வந்தார் யார் போனார் என்று எண்ணும் ஏற்பாடு இல்லை. ரயில்வே வைத்திருப்பது பயணம் எங்கே தொடங்குகிறது என்ற டிக்கெட் கணக்கு, அதிலும் சீசன் டிக்கெட்டுக்கு இத்தனை பயணம் என்று ஒரு நிலையான எண்ணால் பெருக்குவதுதான் வழக்கம். நிலையங்களை நீண்ட காலம் ஏ1, ஏ, பி என்று வகைப்படுத்தி வந்ததும் முக்கியமாக டிக்கெட் வருமானத்தை வைத்துத்தான். 2017-இல் அந்த முறையை மாற்றி, புறநகர் நிலையம், புறநகர் அல்லாத நிலையம், ஹால்ட் எனும் சிறு நிறுத்தம் என்று பிரித்து, வருமானத்தோடு பயணிகள் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். நல்ல மாற்றம். வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தூரம் போகிற, விலை கூடிய டிக்கெட் வாங்குகிறவர் அதிகம் வரும் நிலையம் மேலே வரும், குறைந்த கட்டணத்தில் தினமும் ஆயிரக்கணக்கில் வருகிற புறநகர் நிலையம் கீழே போகும். அந்தப் பத்து லட்சம் என்ற எண்ணை மட்டும் ஷின்ஜுகுவின் கேட் கணக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்கிறேன், ஒன்று இயந்திரம் எண்ணியது, இன்னொன்று ஒரு வட்டமான மதிப்பீடு.

இதெல்லாம் சரி, எண்ணும் முறையை எல்லா நாடுகளும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்டால், தீராது. ஒரு நாளில் எத்தனை பேர் கடந்து போனார்கள் என்பதும், ஒரு நேரத்தில் எத்தனை பேர் உள்ளே நிற்கிறார்கள் என்பதும் வேறு வேறு. வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் ஒரு எளிய விதி உண்டு, ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்தது: உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் சராசரியாக எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார் என்பதால் பெருக்கிய தொகை. ஒரு கற்பனைக் கணக்குப் போடுகிறேன். நாளொன்றுக்கு 15 லட்சம் பேர் வந்து போகும் புறநகர் நிலையம் ஒன்று, ஒவ்வொருவரும் உள்ளே இருப்பது நான்கு நிமிடம். நாளொன்றுக்கு 3 லட்சம் பேர் மட்டும் வரும் தொலைதூர நிலையம் ஒன்று, ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் காத்திருக்கிறார். இரண்டும் 16 மணி நேரம் இயங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிலையத்தில் எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியாகச் சுமார் 6,250 பேர் இருப்பார்கள். இரண்டாவதில் 18,750 பேர். ஐந்தில் ஒரு பங்குக் கூட்டம் வருகிற நிலையத்தில் மூன்று மடங்கு ஆட்கள் நிற்கிறார்கள். சீனாவின் அதிவேக ரயில் நிலையங்களில் விமான நிலையம் போல மாபெரும் காத்திருப்பு மண்டபங்கள் இருப்பது இதனால்தான், பெட்டிகளைச் சோதித்து, ஆளைச் சரிபார்த்து, ரயில் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் நடைமேடைக்கு விடுகிறார்கள். ஜப்பானிய நிலையத்தில் அந்த மாதிரி மண்டபம் தேவைப்படுவதே இல்லை, மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். ரயில் நின்றுபோனால்தான் தெரியும். 2008 ஜனவரி இறுதியில் கடும் பனியால் சீனாவில் ரயில்கள் முடங்கியபோது குவாங்சோ நிலையத்தின் முன்னால் லட்சக்கணக்கானோர் நாள்கணக்கில் நின்றார்கள். அந்தக் கூட்டம் வருடக் கணக்கில் எங்கேயும் தெரியாது. சொல்லப்போனால் அந்த நாட்களில் பயணம் செய்தவர்கள் குறைவு என்றுதான் புள்ளிவிவரம் காட்டும்.

இப்போது முதலில் சொன்ன முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நெரிசல் என்பது நாளில் நடப்பது இல்லை, நிமிடத்தில் நடப்பது. ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்குச் சுமார் 35 பேர் தடங்கலில்லாமல் போகலாம் என்று வைத்துத்தான் நிலையம் வடிவமைப்பவர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஒரு புறநகர் ரயிலிலிருந்து 2000 பேர் இறங்குகிறார்கள், நடைமேடையில் 3 மீட்டர் அகலத்தில் இரண்டு படிக்கட்டுகள் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 210 பேர். எல்லோரும் மேலே ஏறி முடிக்க ஒன்பதரை நிமிடம் ஆகும். ஆனால் அடுத்த ரயில் நான்காவது நிமிடத்தில் வந்துவிடுகிறது. அப்புறம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மேலேயிருந்து இறங்குகிறவர்களும் அதே படியில் வந்தால் இன்னும் மோசம். ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் என்ற அளவை எட்டும்போது கூட்டம் ஏறக்குறைய தண்ணீர் போல ஆகிவிடுகிறது, தனி ஆளுக்குத் தன் உடம்பின் மேல் கட்டுப்பாடு இருக்காது என்று அவர் எழுதினார்.

2017 செப்டம்பர் 29 அன்று மும்பையில் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில், மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் ரயிலிலிருந்து இறங்கிய கூட்டமும் சேர்ந்த நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். அந்த நிலையத்தின் பெயர் எந்த உலகப் பட்டியலிலாவது வந்திருக்கிறதா? வந்திருக்காது. அந்தப் பாலம் மேற்கு ரயில்வேயின் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் மத்திய ரயில்வேயின் பரேல் நிலையத்தையும் இணைத்தது. ஒரு தடத்திலிருந்து இறங்கி இன்னொரு தடத்துக்கு மாறுகிறவர்கள் நடந்தது அதன் மேல்தான். அப்படி மாறுகிறவரின் டிக்கெட் அவர் பயணத்தைத் தொடங்கிய நிலையத்துக் கணக்கில்தான் இருக்கும், அவர் மாறுகிற இடத்தின் கணக்கில் இருக்காது. ஷின்ஜுகுவில் ச்சுவோவிலிருந்து யமனோத்தேவுக்கு மாறுகிறவர் எண்ணிக்கையில் வராதது போலத்தான் இதுவும். அங்கே அவருக்கு அகலமான பாதைகள் இருக்கின்றன, அதனால் எண்ணாமல் விட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே இருந்தது ஒரு குறுகிய பாலம். எண்ணப்படாத கூட்டத்துக்குப் பாலத்தை யார் அகலமாகக் கட்டுவார்கள்?

2025 பிப்ரவரி 15 இரவு புதுடெல்லி நிலையத்தில் 18 பேர் இறந்ததும் ஆண்டுச் சராசரி சொல்லக்கூடிய விஷயம் அல்ல. அது எல்லோருக்கும் தெரிந்த பெரிய நிலையம், எத்தனையோ பட்டியல்களில் பெயர் இருக்கிறது. கும்பமேளாவுக்குப் போகும் கூட்டம் அன்று இரவு குறிப்பிட்ட நடைமேடைகளிலும் அவற்றுக்கான படிகளிலும் குவிந்தது, உயிர் போனது அங்கேதான். மற்ற நடைமேடைகளில் அதே நேரம் எத்தனை இடம் காலியாக இருந்திருந்தாலும் அந்தப் படியில் நின்றவருக்கு அதனால் என்ன பயன்? நாளொன்றுக்கு இத்தனை லட்சம் என்று சொல்கிறபோது நிலையத்தை ஒரு பெரிய பாத்திரம் போல நினைத்துவிடுகிறோம். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு பாலமும் தனித்தனியாக நிரம்புகிற இடம்.

நெரிசலை எண்ணுவதற்கு வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஜப்பான் அரசு தன் ரயில் தடங்களுக்கு வருடந்தோறும் நெரிசல் விகிதம் என்று ஒன்றை வெளியிடுகிறது. உச்ச நேரத்தில், ஒவ்வொரு தடத்திலும் மிக அதிகம் நிரம்பும் பகுதியில், ரயிலின் கொள்ளளவுக்கு எத்தனை மடங்கு ஆட்கள் இருந்தார்கள் என்ற கணக்கு. 200 சதவீதம் என்றால் உடம்போடு உடம்பு அழுந்தும், 250 என்றால் கையைக்கூட அசைக்க முடியாது என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கமும் தந்திருக்கிறார்கள். டோக்கியோ வட்டாரத்தின் முக்கியத் தடங்களில் 1975-இல் இது சராசரியாக 221 சதவீதம். 2019-இல் 163. இடைப்பட்ட காலத்தில் புதுத் தடங்கள் போட்டார்கள், இருந்த இரட்டைத் தடங்களை நான்காக்கினார்கள், பெட்டிகளைக் கூட்டினார்கள். அதாவது உலகின் முதலிடத்து நிலையம் முதலிடத்தில் இருந்தபடியே, அதன் வட்டார ரயில்களில் நெரிசல் குறைந்திருக்கிறது. இதுதான் எனக்குச் செய்தியாகத் தெரிகிறது. நாம் பட்டியல் போடும்போது இதை விட்டுவிட்டு 36 லட்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஷின்ஜுகுவைப் பார்த்து வியக்க வேண்டியது அத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அல்ல, அத்தனை பேர் வந்தும் நடக்க முடிகிறது என்பதை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அடுத்த தடவை இந்தப் பட்டியலைப் போடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்த வருடத்து எண், ஏறியவர் மட்டுமா இறங்கியவரும் சேர்த்தா, ரயில் மாறியவர் உண்டா, கடைக்கு வந்தவர் உண்டா, சுரங்க ரயிலும் சேர்ந்ததா என்பதைச் சின்ன எழுத்திலாவது போடுங்கள். இது தெரியாத நிலையத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவதே நல்லது. 2020-க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் தயவுசெய்து கலக்காதீர்கள், ஷின்ஜுகுவின் ஜே.ஆர். கணக்கே 2020-இல் 4.77 லட்சமாக விழுந்தது, இன்னும் சில பட்டியல்களில் 2007-ஆம் ஆண்டு எண்தான் போன வருட எண் போல ஓடிக்கொண்டிருக்கிறது. ஜே.ஆர். ஈஸ்ட், பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அலுவலகம், பிரெஞ்சு ரயில்வே மூன்றும் நிலையவாரிக் கணக்கை இணையத்தில் வைத்திருக்கின்றன, உங்கள் நிருபர் ஒரு மதியத்தில் எடுத்துவிடலாம்.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் ஒரே வகை நிலையங்களை ஒப்பிடுங்கள். புறநகர்ப் பயணிகள் ஏறி இறங்கும் ஷின்ஜுகுவையும் கார் து நோரின் கீழ்த்தளத்தையும் மும்பையின் புறநகர் நிலையங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், அதில் பொருள் இருக்கும். தொலைதூர ரயில்களுக்கான சீன நிலையங்களை வேறு வரிசையில் வையுங்கள். அதோடு நின்றுவிடாமல், மக்கள் ரயில் மாறுகிற நிலையங்களுக்கு உங்கள் நிருபர்களை அனுப்பி, உச்ச நேரத்தில் ஒரு படிக்கட்டை எடுத்து அதன் அகலம் என்ன, பத்து நிமிடத்தில் எத்தனை பேர் அதில் போனார்கள், ஒரு ரயிலின் கூட்டம் கலைவதற்குள் அடுத்த ரயில் வந்துவிட்டதா என்று எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்களை நிலையத்தின் பெயரோடு, நேரத்தோடு அச்சிட்டு, இந்தப் படிக்கட்டு எத்தனை பேருக்காகக் கட்டப்பட்டது என்று ரயில்வேயிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்